மூட்டையிலிருந்து பொடி வரை: சூரியகாந்தி விதையைச் சாப்பாட்டுக்குள் கொண்டுவந்த வேலை

கடையில் தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பு பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கும்போது நீ எதுக்கு மூட்டையிலிருந்து ஆரம்பிக்கே என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் வாங்கிய பாக்கெட்டுகளில் பல, பிரித்த உடனே ஒரு காறல் வாடை அடித்தன. வாயில் போட்டால் முதலில் ஒன்றும் தெரியாது, மென்று முழுங்கின பிறகு நாக்கின் பின்பக்கம் ஒரு கசப்பு நிற்கும். அது விதையின் குணமில்லை, எண்ணெய் கெட்டுப்போனதன் அடையாளம். தோல் உரித்த பருப்பு வெளிச்சமும் காற்றும் படும்படி மாதக்கணக்கில் கடையில் தொங்கினால் வேறென்ன ஆகும்?

இன்னொரு காரணம், நாங்கள் இருப்பது தென்காசிப் பக்கம். ஆடி மாதம் சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை, ஆய்க்குடி வட்டாரத்தில் சூரியகாந்தி பூத்து நிற்பதைப் பார்க்கக் கேரளாவிலிருந்து கார் கார் ஆக வந்து இறங்குகிறார்கள். சில வயல்காரர்கள் படம் எடுக்கக் காசு வாங்குகிறார்கள், வாங்கட்டும், வரப்பை மிதித்துக் கூழாக்கினால் யார் சும்மா விடுவார்கள். படம் எடுத்தவர்கள் போன பிறகு, பூவெல்லாம் தலை கவிழ்ந்து, பின்பக்கம் மஞ்சளாகி, அறுப்புக்கு நிற்கும்போது அந்தப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு வேண்டியது அப்போதுதான் இருந்தது.

தெரிந்த விவசாயி ஒருத்தர் களத்தில் காயவைத்திருந்தார். அஞ்சு கிலோ கேட்டதும் அவருக்குச் சிரிப்பு. “திங்கவா கேக்கிய? இது ஆயில் மில்லுக்குப் போறதுல்லா. கிளி திங்கிறதைப் பாத்திருக்கேன், மனுசர் திங்கிறதைப் பாத்ததில்ல அண்ணாச்சி” என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. சூரியகாந்தியில் இரண்டு ரகம் உண்டு. எண்ணெய்க்கு விளைவிப்பது சின்னதாக, கறுப்பாக, மெல்லிய தோலோடு இருக்கும். கொறிப்பதற்கு விளைவிப்பது பெரிதாக, வெள்ளைக் கோடு போட்டு, தடித்த தோலோடு இருக்கும். சீனாவில் ரயிலிலும் பூங்காவிலும் உட்கார்ந்து பல்லால் உடைத்துத் துப்பிக்கொண்டே தின்பது பெரும்பாலும் இந்தக் கோடு போட்ட வகை. நம் ஊரில் விளைவது கிட்டத்தட்ட முழுக்க எண்ணெய் வகை. 1969 வாக்கில் சோவியத் நாட்டிலிருந்து ரகங்களைக் கொண்டுவந்து இந்தியாவில் எண்ணெய்ப் பயிராகப் பரப்பினார்கள், அதனால் ஆரம்பத்திலிருந்தே நமக்கு இது செக்கு, மில், டின் என்ற வழியில்தான் பழக்கம்.

எண்ணெய் வகையைத் தின்றால் கெடுதலா? இல்லை. பருப்பு சின்னது, உரிக்கும் வேலை கூடுதல், அவ்வளவுதான். ருசியில் எனக்கு இது இன்னும் கொஞ்சம் கொழுப்பாகவே படுகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். உரக்கடையில் விதைப்புக்கென்று விற்கும் பாக்கெட் விதை வேறு. அதில் பூஞ்சாணக் கொல்லியோ பூச்சி மருந்தோ பூசி, அடையாளத்துக்கு ரோஸ் அல்லது நீலச் சாயமும் ஏற்றியிருப்பார்கள். கழுவினாலும் வறுத்தாலும் அது சாப்பாட்டுக்கு ஆகாது. களத்திலிருந்து நேராக வாங்கும்போதும், கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. நான் கேட்டேன், பூ விரிந்த பிறகு அடிக்கவில்லை, தேனீ செத்துப்போனால் மணி பிடிக்காது என்றார். தேனீ வந்தால்தான் பூவின் நடுப்பகுதி வரை பால் பிடித்து விதையாகும், இல்லாவிட்டால் பாதிக்குப் பாதி சப்பைதான்.

வாங்கி வந்ததில் சப்பை விதை கொஞ்சம், காய்ந்த பூவிதழ், தண்டுத் தூள், இரண்டு மூன்று கூட்டுப்புழு. முதலில் சுளகில், அதாவது முறத்தில் போட்டுப் புடைத்தாயிற்று. சப்பையை இந்தக் கட்டத்திலேயே எடுத்துவிட வேண்டும், விட்டால் பின்னால் தோலோடு தோலாகக் கலந்து உயிரை எடுக்கும்.

தோல் உரிப்பதுதான் இந்த வேலையின் பெரும்பாடு. இணையத்தில் தேடினால் சப்பாத்திக் கட்டையால் உருட்டு, சுத்தியலால் தட்டு என்றெல்லாம் வருகிறது. கோடு போட்ட பெரிய விதைக்கு அது சரிப்படும். நம்முடையது நழுவி ஓடும், நசுங்கினால் பருப்பும் சேர்ந்து நசுங்கும். நசுங்கின பருப்பிலிருந்து எண்ணெய் கசிந்து தோல் துணுக்கெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்தச் சுளகாலும் பிரிக்க முடியாது.

எனக்குக் கைகொடுத்தது பரணில் கிடந்த திருவை. உளுந்து உடைக்கிற அதே கல். இரண்டு விஷயம் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, விதை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மொட்டை மாடியில் நல்ல வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிட்டால் உள்ளே பருப்பு லேசாகச் சுருங்கும், தோலுக்கும் பருப்புக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி வரும். காதுப்பக்கம் வைத்துக் கையில் குலுக்கினால் கலகலவென்று உள்ளே ஆடுவது கேட்கும், அந்தச் சத்தம் வந்தால் பதம். இன்னொன்று, கல்லின் இடைவெளி. மேல்கல்லை அப்படியே வைத்தால் மாவாகிவிடும். முளைக்குச்சியில் பழைய பருத்தித் துணியை வளையமாகச் சுற்றி மேல்கல்லைக் கொஞ்சம் தூக்கினேன். எவ்வளவு என்றால், ஒரு விதையைப் படுக்கப் போட்டால் உரசாமல் நழுவும், நிமிர்ந்தால் மாட்டும், அந்த அளவு. குழியில் அரைக் கைப்பிடி விதை போட்டு அவசரமில்லாமல் சுற்றினால், விளிம்பு வழியாகத் தோல் இரண்டாகப் பிளந்து, பருப்பு முழுசாகவோ பாதியாகவோ வந்து விழும். முதல் சுற்றில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக உடையும். புடைத்து எடுத்துவிட்டு மீதியை மறுபடி போட வேண்டும்.

திருவை இல்லாத வீட்டில் மிக்ஸி. பெரிய ஜாரில் கால்வாசி விதை, சுவிட்சை எதிர்ப்பக்கம் திருப்பி ஒரு நொடி, நிறுத்து, இன்னொரு நொடி, நிறுத்து. தொடர்ந்து ஓடவிடக்கூடாது. கல்லில் வருகிற அளவு முழுப்பருப்பு வராது, நொறுங்கல்தான் அதிகம். பொடி செய்வதாக இருந்தால் நொறுங்கலால் என்ன குறை?

புடைக்கிறதில் அம்மாதான் கெட்டி. எனக்குச் சுளகு பிடிக்கத் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. நான் புடைத்தால் தோலும் பருப்பும் சேர்ந்தே எழும்பி சேர்ந்தே விழும். அவள் ஒரு ஓரத்தைத் தூக்கி, மணிக்கட்டில் ஒரு வெட்டு வெட்டி, தோல் முன்னால் பறக்க, பருப்பு பின்னால் தங்க, கடைசியில் சுளகின் அடியில் வெள்ளையும் சாம்பலுமாகப் பருப்பு மட்டும் கிடக்கும். காற்றடிக்கும் நாளாக இருந்தால் மாடியில் நின்று கொஞ்சம் உயரத்திலிருந்து கொட்டித் தூற்றினாலே பாதி வேலை ஆகிவிடும். தண்ணீரில் போட்டு மிதக்கிற தோலை வழித்து எடுக்கும் முறையும் இருக்கிறது. வேலை சுளுவு, ஆனால் நனைந்த பருப்பை உடனே காயவைத்தாக வேண்டும், மேகமூட்டமான நாளில் செய்தால் பூசணம் பிடிக்கும். ஊறவைத்து அரைக்கப்போகிற சட்னிக்கு மட்டும் நான் அந்த வழி.

ஒரு கிலோ விதைக்கு அரைக்கிலோவுக்குச் சற்று மேல் சுத்தமான பருப்பு தேறியது. எண்ணெய் வகையில் தோல் கால்வாசிதான் இருக்கும் என்பதால் கணக்குப்படி இன்னும் வர வேண்டும். தூளாகிப் பறந்தது, கிளிக்கென்று மாடியில் விட்டது எல்லாம் போக இவ்வளவு.

இவ்வளவு பாடு பட்டுத் தின்ன அதில் அப்படி என்ன இருக்கிறது என்று அப்பா கேட்டார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, கூடவே எதைக் கேட்டாலும் எண்ணிக்கை கேட்கிற பழக்கமும். அதனால் அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்து அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

நூறு கிராம் காய்ந்த பருப்பில் 584 கலோரி, புரதம் 21 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, கொழுப்பு 51 கிராம், நார் எட்டரை கிராம். வைட்டமின் ஈ 35 மில்லிகிராம். இந்த எண்தான் இதன் கிரீடம். எல்லோரும் தூக்கிவைத்துக் கொண்டாடும் பாதாமில் அது 25 அல்லது 26, நிலக்கடலையில் 8 சொச்சம், முந்திரியில் ஒன்றுக்கும் குறைவு. வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் போதும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. ஒரு கைப்பிடி, அதாவது முப்பது கிராம் பருப்பு தின்றால் பத்து மில்லிகிராம் வந்துவிடுகிறது. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லின் மேலுறையும் கொழுப்பால் ஆனது, அந்தக் கொழுப்பு ஆக்சிஜன் பட்டுக் கெடாமல் காப்பதுதான் வைட்டமின் ஈயின் முக்கிய வேலை. விதைக்குள்ளும் அதற்கு அதே வேலைதான், முளைக்கிற வரைக்கும் அந்த எண்ணெய் கெடாமல் இருக்க வேண்டுமே.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது மக்னீசியம். நூறு கிராமில் 325 மில்லிகிராம், கைப்பிடிக்கு நூறுக்குப் பக்கம். பெண்களுக்கு நாளொன்றுக்கு 320, ஆண்களுக்கு 420 என்பது அமெரிக்கக் கணக்கு. தீட்டின வெள்ளரிசிதான் மூன்று வேளையும் என்று ஆன வீட்டில் குறைந்துபோகிற சத்துகளில் இதுவும் ஒன்று, தவிட்டோடு போய்விடுகிறது. தசை, நரம்பு, ரத்த அழுத்தம், இன்சுலின் வேலை செய்வது என்று பல இடத்தில் மக்னீசியம் தேவைப்படுகிறது. பி1, பி6, ஃபோலேட், செம்பு, துத்தநாகம் எல்லாமும் நல்ல அளவில் உண்டு. செலினியமும் இருக்கிறது, ஆனால் அது விளைந்த மண்ணைப் பொறுத்தது, அமெரிக்க மண்ணுக்கு எழுதின எண்ணை அப்படியே நம் தென்காசி மண்ணுக்குப் பொருத்திப் பேசக்கூடாது.

கொழுப்பைப் பார்த்துப் பயந்தார் அப்பா. பெரும்பகுதி லினோலிக், ஒலியிக் என்ற நிறைவுறாக் கொழுப்பு. நெய், வெண்ணெய், பாமாயில் போன்றவற்றின் இடத்தில் இந்த வகைக் கொழுப்பு வந்தால் ரத்தத்தில் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் குறைகிறது என்பது பல வருடங்களாக உறுதியான விஷயம். பருப்பில் இருக்கிற தாவர ஸ்டெரால்களும் குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் கொஞ்சம் மறிக்கும். ஆனால் ‘இடத்தில்’ என்பதுதான் முக்கியம். மாலையில் முறுக்கும் சேவும் தின்கிற இடத்தில் இது வந்தால் லாபம். முறுக்கும் தின்று அதன்மேல் இதையும் தின்றால் கைப்பிடிக்கு 175 கலோரி, மூன்று இட்லிக்குக் கிட்டத்தட்ட, எடைதான் கூடும். இதைச் சொன்னதும் அப்பா முறுக்கு டப்பாவை ஒரு பார்வை பார்த்தார்.

“அப்ப சன்ஃபிளவர் ஆயில்தானே வாங்குதோம், அதுலயே எல்லாம் வந்துருமே?” என்று அம்மா கேட்டாள். இந்தப் பதிவை எழுதவே காரணம் இந்தக் கேள்விதான், நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வைட்டமின் ஈ எண்ணெயில் கரைவது, அதனால் அது எண்ணெயோடு வருகிறது, சுத்திகரித்த எண்ணெயிலும் நல்ல அளவு மிஞ்சுகிறது. ஆனால் புரதம், நார், மக்னீசியம், துத்தநாகம், ஃபோலேட் இதெல்லாம் எண்ணெயில் கரையாது. ஆலையில் பிழிந்த பிறகு அது அத்தனையும் புண்ணாக்கில் நிற்கிறது, புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மாட்டுக்குக் கிடைப்பது எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் டின்னுக்குக் காசு கொடுக்கிறவருக்கு விதையின் பாதிதான் வந்து சேருகிறது.

மாத்திரை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வைட்டமின் ஈ நல்லது என்றால் மாத்திரையாக அள்ளிப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று ஒரு காலத்தில் உலகமே நம்பியது. ஹோப் என்ற பெரிய ஆய்வில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் சராசரியாக நாலரை வருடம் தினமும் 400 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள், மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை, முடிவு 2000இல் வந்தது. 2011இல் வெளிவந்த, செலக்ட் என்ற இன்னொரு ஆய்வின் தொடர்ச்சியில், அதே அளவு மாத்திரை எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் கூடியிருந்தது. இயற்கை வைட்டமின் ஈயில் அந்த 400 யூனிட்டை விதை தின்று எட்ட வேண்டுமென்றால் ஒரே நாளில் முக்கால் கிலோ பருப்பு வேண்டும். கைப்பிடி தின்கிறவர் அந்தப் பக்கமே போகமாட்டார்.

சரி, வறுக்கிற கதைக்கு வருவோம். வறுத்தால் வைட்டமின் ஈ குறையத்தான் செய்யும், அதே அட்டவணையில் வறுத்த பருப்புக்கு 26 என்றிருக்கிறது. அதற்காகப் பச்சையாகவே தின்ன எங்கள் வீட்டில் யாரும் தயாரில்லை, பச்சைப் பருப்பில் ஒரு புல் வாடை உண்டு. தடித்த இரும்புச் சட்டி, சின்னத் தீ, எண்ணெய் வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் சாம்பல் நிறம் மாறித் தந்த நிறமாகும், ஓரங்களில் பொன் பிடிக்கும், ஒன்றிரண்டு படக்கென்று வெடிக்கும். பருப்பில் பாதி எண்ணெய் என்பதால் இறக்கின பிறகும் சட்டிச் சூட்டில் வறுபட்டுக்கொண்டே இருக்கும், ஆகவே நமக்கு வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே அகலத் தட்டில் கொட்டிவிட வேண்டும். நடு மணி ஒன்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை போய் இளமஞ்சள் வந்திருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு. மெத்தென்று இருக்கிறதே என்று மறுபடி அடுப்பில் வைத்தால் கருகும்.

வீட்டில் நிலைத்தது பொடிதான். கால் கப் உளுந்து, கால் கப் பொரிகடலை, எட்டு மிளகாய் வத்தல், கட்டிக் காயம் சுண்டைக்காய் அளவு, கறிவேப்பிலை ஒரு கொத்து, பூண்டு நாலு பல் தோலோடு, இவற்றைத் தனித்தனியாக வறுத்து உப்பு சேர்த்து முதலில் கரகரவென்று அரைத்துவிட வேண்டும். ஒரு கப் வறுத்த சூரியகாந்திப் பருப்பைக் கடைசியில் போட்டு இரண்டே இரண்டு சுற்று. அதை முதலிலேயே போட்டு ஓட்டினால் எண்ணெய் விட்டு உருண்டையாகிவிடும், எள்ளுக்கு ஆகிறது போலத்தான். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள நல்லெண்ணெய் வழக்கத்தைவிடக் குறைவாகவே பிடிக்கிறது. இந்தச் சேர்க்கையில் ஒரு சத்துக் கணக்கும் ஒளிந்திருக்கிறது: புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, அவற்றில் லைசின் என்பது சூரியகாந்திப் புரதத்தில் குறைவு, மெதியோனின் என்பது தாராளம். உளுந்து, கடலை போன்ற பருப்பு வகைகளில் இது தலைகீழ். இரண்டும் ஒரே தட்டில் வந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும்.

சட்னியும் நன்றாக வந்தது. பச்சைப் பருப்பை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, வதக்கின சின்ன வெங்காயம், வத்தல், சுண்டுவிரல் நுனியளவு புளி, உப்பு சேர்த்து அரைத்துத் தாளித்தால் தேங்காய்ச் சட்னிக்கும் கடலைச் சட்னிக்கும் இடைப்பட்ட ஒரு ருசி. நிறம்தான் கொஞ்சம் மங்கல். குருமாவில் முந்திரிக்குப் பதில் இதே விழுதைப் போட்டோம், சொல்லாவிட்டால் கண்டுபிடிக்க முடியாது, காசில் பெரிய வித்தியாசம். விதைகளில் இருக்கும் பைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமுள்ளது, ஊறவைக்கும்போது அது கொஞ்சம் குறையும் என்பது கூடுதல் லாபம்.

கடலை வெண்ணெய் மாதிரி ஒன்றும் அரைத்துப் பார்த்தேன். மிக்ஸிக்கு வலுத்த வேலை. முதலில் மாவு, அப்புறம் ஈர மணல், அப்புறம் ஜாரின் சுவரில் ஒட்டி அசையாமல் நிற்கும் ஒரு கட்டி. கடலை இந்தக் கட்டத்தைச் சீக்கிரம் தாண்டும், இது தாண்டாது. நிறுத்தி, கரண்டியால் வழித்துவிட்டு, மோட்டாரை ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் திடீரென்று இளகிப் பளபளவென்று சுழல ஆரம்பிக்கும். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு வெளிநாடுகளில் இதைத்தான் மாற்றாகக் கொடுக்கிறார்கள். ஆனால் சூரியகாந்தியே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, அபூர்வம்தான், முதல் தடவை பிள்ளைக்குக் கொடுக்கும்போது கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

இந்த விழுதில் பிஸ்கட் சுட்டால் பச்சையாகும் என்று படித்திருந்தேன், அதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றே சுட்டேன். விழுது, நாட்டுச்சர்க்கரை, கோதுமை மாவு, சமையல் சோடா. அடுப்பிலிருந்து எடுக்கும்போது சாதாரணப் பழுப்பு பிஸ்கட்தான். ஆறி, சாயங்காலம் ஒன்றைப் பிட்டால் உள்ளே பாசிப் பச்சை! ஓரம் பழுப்பு, நடு பச்சை, ஏதோ பூசணம் பிடித்த மாதிரி. அம்மா தட்டோடு கொட்டப் போய்விட்டாள், தங்கச்சி மகன்தான் பிடுங்கி வைத்துக்கொண்டான். காரணம் குளோரோஜெனிக் அமிலம். காப்பிக் கொட்டையில் இருக்கிற அதேதான், சூரியகாந்திப் பருப்பிலும் நிறைய. சோடா மாதிரி காரத்தன்மையுள்ள பொருள் சேர்ந்தால் அது ஆக்சிஜனேற்றமாகிப் புரதத்தின் அமினோ அமிலங்களோடு சேர்ந்து பச்சை நிறப்பொருளாக மாறுகிறது. கெடுதல் இல்லை. பிடிக்காவிட்டால் சோடாவைப் பாதியாக்கி, ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறோ புளித்த தயிரோ விட்டால் நிறம் மாறாது. சட்னியில் புளி போட்டதற்கும் இந்தப் பலன் உண்டு.

வைத்துக்கொள்ளும் விஷயம். தோலோடு இருக்கிற விதை, ஈரமில்லாத டின்னில் மாதக்கணக்கில் கிடக்கும். உரித்தால் கணக்கு மாறும், லினோலிக் கொழுப்பு காற்றோடு சேரத் துடிப்பது. அந்தக் குணத்துக்காகவே இந்த எண்ணெயைப் பெயிண்டிலும் சேர்ப்பதுண்டு, கெட்டுப்போன பருப்பை முகர்ந்தால் பழைய பெயிண்ட் டப்பா வாடை அடிப்பது அதனால்தான். நான் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடைத்து, கண்ணாடி பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைக்கிறேன். வறுத்ததும் பொடியும் அதைவிடச் சீக்கிரம் கெடும், குறைவாகச் செய்து தீர்த்துவிடுவது உத்தமம். கடையில் வாங்குகிறவர்கள் முதலில் சின்ன பாக்கெட் ஒன்றை வாங்கி முகர்ந்து பார்த்து முடிவெடுங்கள், உப்புப் போட்டு வறுத்ததைத் தள்ளிவையுங்கள், ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று தின்னப்போய் உப்பை அள்ளித் தின்றதாகிவிடும்.

யார் யோசிக்க வேண்டும்? சிறுநீரகம் தளர்ந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம், நூறு கிராமில் பாஸ்பரஸ் 660, பொட்டாசியம் 645 மில்லிகிராம். அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அவருடைய கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டி, கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தோம். தோலோடு மென்று முழுங்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தோல் செரிக்காது, நிறையப் போனால் மலக்குடலில் கட்டியாக அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை கொண்டுபோன கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இன்னொன்று, சூரியகாந்தி மண்ணிலிருக்கும் கன உலோகங்களை உறிஞ்சுவதில் கில்லாடி, முக்கியமாக காட்மியம். செர்னோபிள் அணு உலை விபத்துக்குப் பிறகு 1990களில் அங்கே ஒரு குளத்தில் மிதவைகளில் சூரியகாந்தியை வளர்த்துக் கதிரியக்க சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் இழுக்கவிட்டுப் பார்த்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சாயக்கழிவு, ஆலைக்கழிவு ஓடுகிற மண்ணில் விளைந்ததை நான் வாங்கமாட்டேன். ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி என்ற கட்டுக்கும் இது ஒரு காரணம்.

கடைசியில் மிஞ்சினது ஒரு சாக்குத் தோல். செடிக்கு உரமாகுமே என்று தொட்டியில் கொட்டிவிட வேண்டாம், சூரியகாந்தித் தோலில் மற்றச் செடி முளைப்பதைத் தடுக்கிற சத்து இருக்கிறது. நான் கொல்லையில் நடக்கிற பாதையில் பரப்பிவிட்டேன், அங்கே புல் வராமல் இருந்தால் நல்லதுதானே. மீதி வெந்நீர் அடுப்புக்கு. உக்ரைனில் ஆலைக்காரர்கள் இதையே கட்டியாக அழுத்திக் கொதிகலனுக்கு எரிக்கிறார்கள். நன்றாகத்தான் எரிகிறது, சடசடவென்று சீக்கிரம் பற்றிச் சீக்கிரம் அடங்கிவிடும், அதனால் கூட ரெண்டு தென்னமட்டை வேண்டும்.